கொட்டகைப் படம் போட்ட டவல்

ஜூன் 2, திங்கள்

அம்மாவை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். புதுக்கோட்டை வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தவரை மறுபடி அங்கே தனியாக விட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ரெச்சரைத் திருப்பும்போது வாசலில் இருந்த செருப்பு ஸ்டாண்டு சாய்ந்தது. வேறு சேதம் இல்லை.

என் கணவர் குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி பொருத்தினார். இந்த மாதம் அவருக்கு சப்ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். பகலில் வீட்டில் இருப்பார். எனக்குத் தபால் ஆபீசில் பதினைந்தாம் தேதி வரை லீவு.

என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரம் நின்றார் என்று தினமும் எழுதி வைக்கும்படி பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அதனால் எழுதுகிறேன். காலை: இரண்டு இட்லி. மதியம்: ரசம் சாதம். ரசத்தில் மிளகு போதவில்லையாம்.

ஜூன் 4, புதன்

கட்டிலோரம் கொஞ்சம் நின்றார். வலி. முருங்கைக்கீரை வேண்டாம் என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

பத்மா அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்ததால் பார்க்க முடியவில்லை. போன வாரம் குடும்பத்தோடு புதுக்கோட்டைப் பக்கம் போய்ப் பழைய நாடகக் கொட்டகை ஒன்றைப் புதுப்பித்துக் கட்டிய ஹோட்டலில் தங்கினார்களாம். அங்கே இருந்த கடையில் அம்மாவுக்காக ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார்.

"டீச்சரம்மாவுக்குப் பாட்டு, கச்சேரின்னா பிடிக்கும்ல. அதான் இத எடுத்தேன் தேவி. பாரேன், எவ்வளவு அழகா போட்டோ போட்டுருக்கான்."

உள்ளே மூன்று குளியல் டவல்கள். மூன்றிலும் கமலாம்பிகா சங்கீத நாடகக் கொட்டகையின் பழைய புகைப்படங்கள், கறுப்பு வெள்ளையில். ஒன்றில் முகப்பு, டிக்கெட் ஜன்னல், மேலே சிமெண்ட் மயில்கள். இன்னொன்றில் காலி நாற்காலிகளும் மரப் படி வைத்த கேலரியும். மூன்றாவதில் மேடை. ராணி வேஷத்தில் ஒரு பெண் வலது கையைத் தூக்கிப் பாடிக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் ஆர்மோனியத்தின் மேல் ஒரு கை மட்டும் தெரிகிறது. ஆள் கரைத் தையலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். கீழே சின்ன எழுத்தில், "மேடையில் ஒரு நடிகை, 1976."

அண்ணி போனபிறகு முதல் இரண்டையும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் போட்டேன். மூன்றாவதை மடித்து பீரோவில் கம்பளிக்கு அடியில் வைத்தேன். ஒரே சமயத்தில் மூன்றையும் எடுக்க வேண்டிய அவசியமில்லை.

ஜூன் 9, திங்கள்

டவலின் படம் இருக்கும் பக்கம் வெல்வெட் மாதிரி வழவழவென்று இருக்கிறது. தண்ணீரை இழுக்கவில்லை. பின்பக்கத்தால்தான் துடைக்க வேண்டியிருக்கிறது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டினேன். முதுகைத் துடைத்துவிட்டுத் தோளில் போர்த்தியபோது அம்மா அதன் ஓரத்தை இழுத்துப் பார்த்தார்.

"இது நம்ம கொட்டகைடி."

"ஆமா. பத்மா அண்ணி வாங்கிட்டு வந்தாங்க."

"மயிலு ரெண்டும் அப்படியே இருக்கு பாரு. வலது பக்க மயிலுக்கு மூக்கு ஒடஞ்சிருக்கும், பாத்தியா? அந்த டிக்கெட் ஜன்னல்ல எத்தன சண்டை!" கொஞ்ச நேரம் கழித்து, "துண்டுலயா போட்டுருக்கான்? கொழுப்புதான்" என்று சொல்லிச் சிரித்தார். விழுந்த பிறகு இன்றுதான் சிரிக்கிறார். அதையும் எழுதலாமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்கவில்லை. எழுதிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வாக்கர் பிடித்து கதவு வரை வந்தார். மதியம் மோர் சாதம், அப்பளம்.

அம்மா தூங்கும்போது வேலை எதுவும் இல்லை. ஒரு விவரத்தை எழுதி வைக்கிறேன். என் மாமியார் வீட்டில் அம்மாவைப் பாட்டு டீச்சர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணப் பேச்சின்போது அம்மா என்ன செய்கிறார் என்று பத்மா அண்ணி கேட்டார். பாட்டு என்று பதில் போனது. டீச்சரா என்று கேட்டார். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அது அப்படியே நின்றுவிட்டது. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. நாடகத்தை விட்ட பிறகு அம்மா அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

புதுகை எஸ். ஆர். மனோரஞ்சிதம். ராணி வேஷம் என்றால் அவர்தான். சிவகங்கை, திண்டுக்கல் என்று திருவிழா தவறாமல் போய்வருவார். இரவெல்லாம் பாடிவிட்டு விடியும்போது முகத்தில் பாதிப் பவுடரோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில்தான் அந்த பஸ் ஸ்டாண்டு. கூடப் படிக்கிற பெண்கள் பார்ப்பார்கள். "கூத்தாடி மவ" என்பார்கள். ஏழாம் வகுப்பில் நானே கேட்டுத் திருச்சியில் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். சேரும்போது ரதிதேவி என்ற பெயரை தேவி என்று எழுதச் சொன்னேன். கூப்பிடச் சுலபம்.

ஜூன் 16, திங்கள்

இன்று வேலைக்குப் போனேன். கவுண்டரில் கூட்டம். பகலில் நல்ல மழையாம்.

சாயங்காலம் வந்து பார்த்தால் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்றாவது டவல். மற்ற இரண்டும் மழையில் காயவில்லை என்று என் கணவர் பீரோவைத் துழாவி எடுத்துக் கொடுத்திருக்கிறார். படத்தை அவர் கவனிக்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

"இது எப்ப வந்துச்சு?" என்றார் அம்மா.

"அன்னிக்குத்தான்."

"மூணும் ஒண்ணாவா?"

"ஆமா."

அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. டவலை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்க் கீழே இருந்த எழுத்தைப் படித்தார்.

"மேடையில் ஒரு நடிகை. ஒரு நடிகையாம்! டிக்கெட் கிழிக்கிறவன்லேந்து கலெக்டர் வரைக்கும் எம்பேரு தெரியும். இவனுக்கு ஒரு நடிகை."

"ஒடம்பு தொடைக்கிற துண்டுல போட்டுட்டாங்களேன்னு கோவம் வரலயாம்மா?"

"அதுக்கென்ன கோவம்? அப்ப ஆயிரம் பேரு உக்காந்து பாத்தான். இப்பத் தொடச்சுக்கிறான், தொடச்சுக்கிட்டுப் போறான். பேரப் போட்டுட்டுத் தொடச்சுக்கட்டும்." பிறகு ஆர்மோனியத்தின் மேல் இருந்த கையை விரலால் தடவினார். "இவரு பேரும்தான். ஆளையே வெட்டிட்டானே, பாவி."

அது அப்பாவின் கை. சுண்டுவிரலில் இருக்கிற மோதிரத்தைப் பார்த்து எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

ஹோட்டலுக்குப் போன் போட்டுப் பேரைப் போடச் சொல்லும்படி அம்மா கேட்டார். நாளைக்குப் பேசுகிறேன் என்றேன். இரவு இரண்டு தோசை.

ஜூன் 18, புதன்

ஆபீசில் வேலை அதிகம்.

ஜூன் 20, வெள்ளி

லைன் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். "நாலஞ்சு தரம் போட்டுப் பாருத்தா" என்றார். சரி என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

பத்மா அண்ணி அம்மாவைப் பார்க்க வருவதாகப் போன் செய்திருந்தார். அம்மா பட்டுப்புடவை கட்டிவிடச் சொன்னார். பவுடர் போட்டுக்கொண்டார். வாக்கர் பிடித்து ஹாலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அண்ணி வாழைப்பழமும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார். வலி எப்படி இருக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று விசாரித்தார். அம்மா எல்லாவற்றுக்கும் நன்றாகப் பதில் சொன்னார். பிறகு அண்ணி கேட்டார்.

"டீச்சரம்மா, நீங்க எந்த ஸ்கூல்ல வேல பாத்தீங்க? எம்மருமகளும் புதுக்கோட்டையிலதான் படிச்சா. ஒருவேள உங்ககிட்டயே படிச்சிருப்பாளோ என்னமோ."

அம்மா என்னைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை. நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா முதுகை நிமிர்த்தி, முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குரல் மாறியது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"பேரச் சொன்னா உங்க மருமகளுக்குத் தெரியாதும்மா. சின்ன ஸ்கூல். இப்ப மூடிட்டாங்க. ஆனா என்ன மாதிரிப் பிள்ளைங்க! ஆறாங்கிளாஸ்ல பிரேமகுமாரின்னு ஒருத்தி. சுருதிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனா பிரேயர்ல முதல் ஆளா வந்து நிப்பா. ஹெச்.எம். என்னையக் கூப்பிட்டு, 'டீச்சர், அந்தப் பொண்ணு வாய மட்டும் அசைச்சாப் போதும்னு சொல்லுங்க'ன்னாங்க. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிம்மா சொல்றது?"

"ஐயோ, அப்புறம் என்ன பண்ணீங்க?"

"அவ பாடுறப்பல்லாம் நான் ஆர்மோனியத்தக் கொஞ்சம் சத்தமா வாசிச்சேன்."

அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. அப்புறம் ஸ்கூல் ஆண்டு விழாவில் மைக் கெட்டுப்போன கதை, இன்ஸ்பெக்டர் வந்த அன்று பிள்ளைகள் இரண்டாம் சரணத்தை மறந்த கதை. எங்கேயும் தடங்கல் இல்லை. பிரேமகுமாரியை நானே நேரில் பார்த்தது போல இருந்தது.

அண்ணி போனதும் கதவைச் சாத்தினேன்.

"நல்லா இருந்துச்சா?" என்றார் அம்மா.

நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"முன்னாலயே சொல்லியிருந்தா ஒத்திகை பாத்திருப்பேன்ல. டீச்சர்னா ஒரு கண்ணாடியாச்சும் போட்டிருக்கணும்." பிறகு, "அந்தப் புள்ள டீச்சரம்மா டீச்சரம்மான்னு கூப்பிட்டப்பல்லாம் மரியாதைக்குக் கூப்பிடுதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

பட்டுப்புடவையை அவிழ்க்கச் சொன்னார். மடித்து வைத்தேன். இரவு சாப்பிடவில்லை. பசி இல்லையாம்.

ஜூன் 23, திங்கள்

காலை அரை இட்லி. ஊருக்குப் போகிறேன் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்ளுமாம். டாக்டர் விட மாட்டார் என்றேன். "கேட்டுப் பாரு" என்றார். உடற்பயிற்சியை யாரும் சொல்லாமலே செய்கிறார். என்னிடம் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறார். கேட்டதற்கு மட்டும்.

ஜூன் 25, புதன்

குளிப்பாட்டும்போது மூன்றாவது டவலை எடுத்தேன். மற்ற இரண்டும் காய்ந்துதான் இருந்தன.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் துவட்டினேன். முடி ரொம்பக் குறைந்துவிட்டது. அந்தக் காலத்தில் வேஷத்துக்குச் சவுரி வைக்காமலே ஜடை போடுவார். கழுத்து, தோள், கை. வலது கையைத் தூக்கச் சொன்னேன், அக்குளைத் துடைக்க. தூக்கினார். படத்திலும் அதே கைதான். அது என் கையில் ஈரமாக இருந்தது.

"தொண்ட நல்லா இருந்துச்சும்மா அன்னிக்கு" என்றார், டவலைப் பார்த்துக்கொண்டு. ரொம்ப நாள் பழகாத ஒருவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

ஜூன் 27, வெள்ளி

டாக்டர் பார்த்தார். எலும்பு கூடி வருகிறது. அடுத்த மாத நடுவில், கூட ஆள் இருந்தால் ஊருக்குப் போகலாமாம். அம்மாவுக்கு அதைக் கேட்டதும் முகம் தெளிந்தது.

ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பும் முன் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "அத்தை ஊருக்குப் போறேங்கிறது இடுப்பு சரியாயிடுச்சுன்னு இல்ல, தெரியும்ல?"

"தெரியும்."

"நான் அப்பவே அக்காகிட்டச் சொல்லிடறேன்னேன். நீதான் வேணாம்னு அழுத."

அழுதது எனக்கு ஞாபகம் இல்லை. இருக்கலாம். அவருக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினேன்.

ஜூன் 29, ஞாயிறு

அண்ணி வந்திருந்தார். டீச்சரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியவில்லையாம். அம்மா உள்ளே கட்டிலில் இருந்தார். தலைவலி, வரவில்லை என்று சொல்லி அனுப்பினார். அண்ணிக்குக் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன்.

"இன்னிக்கு அந்த டீச்சர் வேண்டாம் ரதி," என்றார் மெதுவாக. "முடியல."

பிறகு, "ஓட்டல்காரன்கிட்ட நீ பேச வேணாம். நான் ஊருக்குப் போறப்ப நேர்ல போய்ச் சொல்லிக்கறேன்" என்றார்.

செல்போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் ஹாலில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். அண்ணி சோபாவில் இருந்தார். ஹோட்டல் எண் டவல் பெட்டியிலேயே இருந்தது. முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க மேடம், ரூம் புக்கிங்கா?" ஒரு பையனின் குரல்.

"இல்லைங்க. உங்க கடையில கொட்டகைப் படம் போட்ட டவல் விக்கிறீங்கள்ல? அதுல ஒண்ணுல…"

"டேமேஜா இருக்கா மேடம்?"

"டேமேஜ் இல்ல. பேரு இல்ல. மேடையில் ஒரு நடிகைன்னு போட்டுருக்கீங்க. அவங்களுக்குப் பேரு இருக்கு."

"ஓ. அது பழைய போட்டோ மேடம். எங்களுக்கே யாருன்னு தெரியாது."

"எனக்குத் தெரியும். எழுதிக்குங்க. புதுகை எஸ். ஆர். மனோரஞ்சிதம். சின்ன ர. ஓரத்துல ஆர்மோனியத்துல ஒரு கை இருக்குல்ல, அவரு கே. வி. தங்கராசு."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எழுதிட்டேன் மேடம். மேனேஜர் கேப்பாரு. யாரு பேசறதுன்னு சொல்லட்டும்? பத்திரிகையா?"

"இல்ல. நான் அவங்க மக."

"உங்க பேரு?"

"ரதிதேவி."

மேனேஜரிடம் சொல்வதாகவும் அடுத்த முறை அச்சடிக்கும்போது பார்ப்பதாகவும் சொல்லிப் போனை வைத்தான். போடுவார்களா என்று தெரியாது.

உள்ளே அம்மாவின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

"அப்ப அந்தப் பிரேமகுமாரி?" என்றார் அண்ணி.

"அப்படி யாரும் இல்ல அண்ணி."

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காபி பாதி அப்படியே இருந்தது.

அம்மா இரவு இரண்டு சப்பாத்தி சாப்பிட்டார். குருமா நன்றாக இருந்ததாம்.

ஜூலை 3, வியாழன்

அண்ணியிடமிருந்து போன் இல்லை. என் கணவர் போன் செய்ததற்கு, கோயிலில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாராம். அம்மா வாக்கரோடு வாசல் வரை போய்க் காய்கறி வண்டிக்காரரிடம் கத்திரிக்காய் சொத்தை என்று சண்டை போட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

அண்ணி வந்தார். என்னிடம் எதுவும் பேசாமல் நேராக அம்மாவின் அறைக்குப் போனார். நான் வாசற்படியில் நின்றேன்.

"உங்கள இனிமே என்னன்னு கூப்பிடறது?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"அத்தைன்னு கூப்பிடும்மா. அதுதானே மொற."

அண்ணி கட்டிலோரம் உட்கார்ந்தார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். எந்த ஊரில் கூட்டம் அதிகமாக வரும் என்று கேட்டார். அம்மா சொன்னார். குரலில் நடிப்பு எதுவும் இல்லை. சில இடங்களில் ஊர்ப் பெயர் மறந்து யோசித்தார். அண்ணி காத்திருந்தார்.

போகும்போது சமையலறைக்கு வந்தார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பச் சொல்லியிருந்தா இந்தச் சம்பந்தம் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அது உண்மை. இல்லைன்னு சொன்னாப் பொய்" என்றார். "ஆனா அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல இருந்துச்சுல்ல தேவி? தெனம் ஒரு நாள் இருந்துச்சுல்ல? நான் என்ன பண்ணிடுவேன்னு நெனச்ச?"

குழாயை மூடினேன்.

அண்ணி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். கேட்டைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"உன் முழுப் பேரு ரதிதேவியா?"

"ஆமா அண்ணி."

"நல்ல பேரு" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறிப் போனார்.